மகளுக்கு, புதிய பயங்கரவாத எதிர்ப்புச் சட்டமூலம் பற்றி

வெள்ளவத்தை
30.04.2023

அன்புள்ள பிள்ளைக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ ஒரு கேள்வி கேட்டாய், ஒரு புத்தியும் சொன்னாய். பழைய பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எடுத்துவிட்டுத்தானே புதியதைக் கொண்டுவருகிறார்கள், அதை ஏன் அப்பா எதிர்க்க வேண்டும் என்பது கேள்வி. இந்த வயதில் கையெழுத்து, கூட்டம் என்று திரியாமல் வீட்டில் இருங்கள் என்பது புத்தி. அம்மா பக்கத்தில் இருந்ததால் அன்றைக்கு எல்லாவற்றையும் கதைக்க முடியவில்லை. எழுதினால்தான் ஒழுங்காகச் சொல்ல வரும்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் நான் கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் எழுதுவினைஞராக இருந்தது உனக்குத் தெரியும். அங்கே என்ன வேலை என்று நான் உனக்குச் சொன்னதில்லை. மட்டக்களப்பிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் தாய்மார் இரவு பஸ்ஸில் வந்து, விடிய முன்னமே வாசலில் நிற்பார்கள். மகனின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடக் கடிதம், கிராம சேவகரின் கடிதம் எல்லாம் ஒரு பொலித்தீன் பைக்குள் இருக்கும். களவு வழக்கு என்றால் அடுத்த தவணை எப்போது என்றாவது அவர்களுக்குச் சொல்லி அனுப்பலாம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்த பிள்ளை என்றால் சொல்வதற்கு ஒரு திகதியும் இருக்காது. அமைச்சர் கையெழுத்து வைத்த தடுப்புக் காவல் கட்டளை 3 மாதத்துக்கு. அது முடிந்தால் இன்னும் 3 மாதம். அந்தக் காலத்தில் அப்படியே 18 மாதம் வரை போகும். அதற்குள் பிள்ளையிடமிருந்து ஒரு ஒப்புதல் வாக்குமூலம் எடுத்திருப்பார்கள். சாதாரண வழக்கில் பொலிஸிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது. இந்தச் சட்டத்தில், உதவி பொலிஸ் அத்தியட்சகரோ அதற்கு மேற்பட்டவரோ எடுத்தால் செல்லும்.

சிங்கராசாவின் வழக்கைத் தேடி வாசி. தமிழ் மட்டும் தெரிந்த மனிதர். வாக்குமூலம் சிங்களத்தில், அடியில் அவருடைய பெருவிரல் அடையாளம். அடித்து வாங்கினார்கள் என்றால் அதை அவர்தான் நிரூபிக்க வேண்டும் என்றது சட்டம். 1995இல் 50 வருடச் சிறை, மேன்முறையீட்டில் 35 வருடமாகக் குறைந்தது. 2004இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு அவருடைய உரிமைகள் மீறப்பட்டன என்று முடிவு சொன்னது. 2006இல் எங்கள் உயர் நீதிமன்றம் அந்த முடிவுக்கு இங்கே வலு இல்லை என்றுவிட்டது. 1979இல் 3 வருடத்துக்கென்று கொண்டுவந்து, 1982இல் நிரந்தரமாக்கிய சட்டம் செய்த வேலை இது.

சரி, புதியதற்கு வருகிறேன். பொலிஸிடம் கொடுக்கும் ஒப்புதலைச் சான்றாக எடுக்கும் அந்தப் பிரிவு இதில் இல்லை. அது பெரிய விசயம், மறுக்கமாட்டேன். ஆனால் அமைச்சர் வைத்த கையெழுத்தை இப்போது ஒரு பிரதிப் பொலிஸ்மா அதிபரே வைக்கலாம் என்கிறார்கள். பிடிக்கிறவர்களும் பொலிஸ், அடைத்துவைக்கக் கட்டளை போடுகிறவரும் பொலிஸ். ஒரு மனிதனை உள்ளே வைப்பதா வெளியே விடுவதா என்பதை நீதவான்தான் தீர்மானிக்க வேண்டும். எனக்கு இந்தச் சட்டமூலத்தில் மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம். மரண தண்டனையும் இருக்கிறது, அமைப்புகளைத் தடைசெய்ய ஜனாதிபதிக்கு அதிகாரமும் இருக்கிறது. அவற்றைப் பற்றிச் சட்டத்தரணிகள் சங்கம் சொல்லியிருக்கிறது.

அப்புறம் பயங்கரவாதத்துக்கு அவர்கள் எழுதியிருக்கும் வரைவிலக்கணம். அரசாங்கத்தை ஒரு காரியம் செய்யவோ செய்யாமல் விடவோ முறைகேடாக நிர்ப்பந்திக்கும் நோக்கமும் அதற்குள் வருகிறது. முறைகேடு எது என்று முதலில் தீர்மானிக்கப்போவது யார்? போன வருடம் காலி முகத்திடலில் கூடாரம் அடித்திருந்த பிள்ளைகள் ஜனாதிபதியைப் போ என்று நிர்ப்பந்தித்தவர்கள்தானே. அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தின் வசந்த முதலிகேயைப் பழைய சட்டத்தில் ஓகஸ்டில் பிடித்து உள்ளே வைத்தார்கள். இந்த ஜனவரி 31ஆந் திகதிதான் கொழும்பு நீதவான் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தார். அஹ்னாஃப் ஜசீம் என்ற இளம் ஆசிரியரை, அவர் எழுதிய தமிழ்க் கவிதைப் புத்தகத்தைக் காட்டி ஒன்றரை வருடத்துக்கு மேல் அடைத்துவைத்தார்கள். நீயும் கவிதை எழுதுகிறவள். இது தமிழர் பிரச்சினை மட்டும் என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது. போன செவ்வாய்க்கிழமை வடக்கிலும் கிழக்கிலும் ஹர்த்தால் நடந்தது. இங்கே சிங்களத் தொழிற்சங்கங்களும் இதே சட்டமூலத்தை எதிர்க்கின்றன. இரண்டு பக்கமும் ஒரே காகிதத்தை மறுப்பதை என் வாழ்நாளில் நான் அதிகம் கண்டதில்லை.

நீ அவசரம் என்ன என்றும் கேட்டாய். நீ இருக்கும் ஜெர்மனியில் ஒரு சட்டம் நிறைவேறிய பிறகும் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போகலாம். இங்கே அப்படி இல்லை. சட்டமூலம் நாடாளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் வந்த நாளிலிருந்து கொஞ்ச நாட்கள்தான், அதற்குள் எந்தப் பிரஜையும் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். நிறைவேறி சபாநாயகர் சான்றுப்படுத்திவிட்டால் அந்தச் சட்டம் செல்லாது என்று சொல்ல எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை. அரசியலமைப்பின் 80ஆம் உறுப்புரை அப்படி. அதனால்தான் இப்போது ஓடித் திரிகிறோம்.

நீதிமன்றத்தால் என்ன ஆகப்போகிறது என்று சலிக்காதே. 2007 ஜூன் 7ஆந் திகதி விடியற்காலை, இங்கே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜ்களில் இருந்த தமிழர்களைப் பொலிஸ் எழுப்பி, பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பியது. முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள். வைத்தியத்துக்கும் வேலை தேடியும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் வந்த சனம். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்ற அமைப்பு உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டது. மறுநாளே உயர் நீதிமன்றம் தடை விதித்தது, ஆட்கள் திரும்பி வந்தார்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே அந்தக் கதவு திறந்தது, பிள்ளை. அதை எங்கள் கையாலேயே சாத்திவிடக் கூடாது.

பயம் பற்றிச் சொன்னாய். அம்மாவுக்கும் அதுதான். இரவில் வெளியே வாகனம் நின்றால் அவள் இப்போதும் எழும்பி யன்னலடிக்குப் போகிறாள். அந்தப் பயத்தோடு இந்த நகரத்தில் ஒரு தலைமுறை வாழ்ந்து முடிந்தது. பக்கத்து வீட்டுத் தம்பி போன வருடம் காலி முகத்திடலுக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுபோனவன். அவனுடைய பெயர் ஒரு நாள் ஒரு பொலிஸ் அதிகாரியின் கட்டளையில் இருக்கலாம் என்று நினைக்கும்போது என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. கையெழுத்து வைத்துவிட்டேன். சனிக்கிழமைக் கூட்டத்துக்கும் போவேன். தனியாகப் போகமாட்டேன், அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போவேன். அந்த அளவுக்கு நீ சொன்னதைக் கேட்கிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். 2017இல் ஐரோப்பிய ஒன்றியம் எங்கள் ஏற்றுமதிகளுக்கான ஜிஎஸ்பி பிளஸ் என்ற வரிச் சலுகையைத் திரும்பக் கொடுத்தபோது, பயங்கரவாதத் தடைச் சட்டத்தைச் சர்வதேசத் தரத்துக்கு ஏற்ப மாற்றுவதாக எங்கள் அரசாங்கம் வாக்குக் கொடுத்தது. நீ அங்கே வாக்குப் போடுகிறவள். உன் தொகுதி உறுப்பினருக்கும் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினருக்கும் ஒரு கடிதம் எழுது. பழையதை எடுப்பது மட்டும் போதாது, அதன் இடத்தில் வைப்பதையும் வாசித்துப் பாருங்கள் என்று கேள். சட்டமூலத்தின் ஆங்கிலப் பிரதியை நாளைக்கு உனக்கு அனுப்புகிறேன். தடுப்புக் காவல் பிரிவுகளில் கோடு போட்டிருக்கிறேன், அவற்றை முதலில் வாசி. கடிதம் எழுதி முடித்தால் அனுப்ப முன் எனக்குக் காட்டு.

அன்புடன்,
அப்பா