செரோடோனின் அளவும் மனச்சோர்வும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

30 ஆண்டுகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள் நான். போன வாரம் என் தங்கை மகள் ஓர் அறிக்கையை என் மடியில் வைத்தாள். மனநிலையோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் வேதிப்பொருளான செரோடோனின் அளவுக்குப் பக்கத்தில் 'குறைவு' என்று இருந்தது. அதைப் பார்த்து, மனச்சோர்வுக்கான மாத்திரையைத் தானாகவே இரண்டாக்க இருந்தாள். "வேண்டாம் கண்ணு, டாக்டரைக் கேள்" என்று தடுத்தேன்.

உடலிலுள்ள செரோடோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் உருவாகிறது. ரத்தத்தில் அது, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களுக்குள் தங்குகிறது, மூளைக்குள் போவதில்லை. மூளையில் எவ்வளவு என்பதை இந்தப் பரிசோதனை சொல்லாது. அவள் சாப்பிடும் மாத்திரையே தட்டணுக்களில் அதைக் குறைத்துவிடும்! இதை அவளிடம் யாரும் சொல்லவில்லை.

இந்தப் பரிசோதனை உதவுவது, செரோடோனினை மிகையாகச் சுரக்கும் கார்சினாய்டு என்ற கட்டிகளைக் கண்டறியத்தான். முகம் திடீரென்று சிவப்பது, ஓயாத வயிற்றுப்போக்கு, மூச்சிளைப்பு, நாளடைவில் இதய வால்வில் கோளாறு என்று அது படுத்தும். அதற்கும்கூட 24 மணி நேரச் சிறுநீரில் செரோடோனினின் கழிவுப்பொருளை அளப்பதே வழக்கம். அந்தச் சிறுநீரைச் சேர்க்கும் பெரிய கேனை நீட்டும்போதெல்லாம், வாழைப்பழம், அன்னாசி, வால்நட் மூன்றையும் நிறுத்தினீர்களா என்று கேட்பேன். தின்றிருந்தால் அளவு பொய்யாக ஏறும்.

'மனநிலையை அறிய இப்பரிசோதனை பயன்படாது' என்று அறிக்கையின் அடியில் ஒரு வரி அச்சிடப் பரிசோதனைக் கூடங்கள் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்