கொரியாவில் தவறியது உளவு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொரியப் போர் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, 1950 இறுதியில் சீனப் படைகள் அமெரிக்கர்களை நிலைகுலையச் செய்ததற்கு ‘உளவுத்துறையின் தோல்வியே’ காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. களத்தில் கைதிகளை விசாரித்தவர்கள் மீது அந்தப் பழி விழுவது அநியாயம்.

1950 அக்டோபர் 25 அன்று வடகொரிய நகரான ஊன்சான் அருகே தென்கொரியாவின் 1ஆவது டிவிஷனிடம் சீன வீரர் ஒருவர் பிடிபட்டார். டிவிஷன் தளபதி பைக் சுன்-யுப், முன்பு வடகிழக்குச் சீனாவின் மஞ்சூரியாவில் பணியாற்றிச் சீன மொழி கற்றவர் என்பதால், தாமே அவரிடம் பேசினார். ஊன்சானுக்கு வடக்கே மலைகளில் சீன வீரர்கள் பத்தாயிரம் பேர், கிழக்கே ஹுய்சோன் பக்கம் இன்னொரு பத்தாயிரம் பேர் என்று கைதி சொன்ன தகவல் உடனே மேலிடத்துக்குப் போனது. டோக்கியோவில், ஐ.நா. படைகளின் தலைமைத் தளபதி மெக்ஆர்தரின் உளவுப் பிரிவுத் தலைவராக இருந்த சார்லஸ் வில்லபி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே வாரத்தில், நவம்பர் 1 இரவு, அதே ஊன்சானில் அமெரிக்காவின் 8ஆவது கேவல்ரி ரெஜிமென்ட் சீனர்களால் சிதறடிக்கப்பட்டது. அதற்குப் பின்னும் அம்மாத இறுதியில் சீன எல்லையான யாலு நதியை நோக்கிப் படைகளை மெக்ஆர்தர் முன்னேறச் சொன்னதை என்னால் எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியவில்லை.

அந்தப் போரில் விசாரணைப் பணியாற்றியவர்களில் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்கள் பலர். அவர்களுக்காக 1941 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில், கைவிடப்பட்ட விமானக் கொட்டகை ஒன்றில், சுமார் 60 மாணவர்களுடன், ஜப்பானிய மொழிக்கான ராணுவப் பள்ளி தொடங்கியது. உட்கார ஆரஞ்சுப் பழப் பெட்டிகள்தான். அடுத்த ஆண்டே அவர்களில் பலரின் குடும்பங்கள், ஜப்பானிய வம்சாவளி என்பதாலேயே, அமெரிக்காவில் முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டன. 1945க்குப் பின் ஜப்பானில் போர்க்குற்ற விசாரணைகளுக்கு மொழிபெயர்த்தவர்களும், 1910 முதல் 35 ஆண்டுகள் ஜப்பானிய ஆட்சியில் அம்மொழியைப் படிக்க நேர்ந்த கொரியக் கைதிகளிடம் அதே மொழியில் கேள்வி கேட்டவர்களும் இப்படி உருவானவர்களே.

தங்கள் மீது விழுந்த பழிக்கு இவர்களால் பதில் சொல்ல முடியவில்லை. ரகசியக் காப்பு வாயைக் கட்டியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் அவர்கள் ஆற்றிய பணிக்கான அதிபர் விருதுகூட 2000ஆம் ஆண்டில்தான் வந்தது. வியட்நாமிலும் இதே நிலைதான்: 1961 டிசம்பரில் சைகோன் அருகே கொல்லப்பட்ட ஜேம்ஸ் டேவிஸ், எதிரியின் வானொலி அலைகளைத் தேடிச் சென்ற உளவுப் பிரிவு வீரர், ஆனால் வெளியே அவரது பிரிவுக்கு ‘வானொலி ஆராய்ச்சி’ என்றே பெயர்.

தகவலைத் திரட்டியவர்கள் யார், அதைப் புறந்தள்ளியவர்கள் யார் என்பதைப் பிரித்துக் காட்டும் விரிவான கட்டுரை ஒன்றைத் தாங்கள் வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்