சூடு காட்டும் முன் மீட்டர் வையுங்கள்

ஆசிரியருக்கு,

மார்த்தாண்டம், களியக்காவிளை, எல்லை தாண்டினால் பாறசாலை என இந்தப் பக்கம் லேப்டாப் மதர்போர்டு வேலை பழக வரும் பிள்ளைகள் பலர் முதலில் விசாரிப்பது ஹாட் ஏர் ஸ்டேஷனின் (சூடான காற்றை ஊதி சிப்பைக் கழற்றும் கருவி) விலையை. குறுகியகாலப் பயிற்சிகளிலும் சூடு காட்டுவதுதான் முதல் பாடம். ஆன் ஆகாத போர்டில் எடுத்ததும் சூடு காட்டினால் ஒரு பழுது இரண்டாகும்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, அடாப்டர் ஜாக்கில் வரும் 19 வோல்ட் இரண்டு மாஸ்ஃபெட்டுகளை (ஸ்விட்ச் போல வேலை செய்பவை) தாண்டி, கரண்டை அளக்க வைத்திருக்கும் சென்ஸ் ரெசிஸ்டர் வரை வருகிறதா என்று பாருங்கள். வந்தால், அடுத்து 3.3, 5 வோல்ட் வரும் காயில்களில் (கம்பிச்சுருள்) மீட்டர் வையுங்கள். பல போர்டுகளில் பவர் பட்டனை அமுக்கும் முன்பே இவற்றில் வோல்டேஜ் நிற்கும்.

செருகியதுமே அடாப்டர் விளக்கு அணைந்தால் 19 வோல்ட் பாதையில் ஷார்ட், அதாவது கரண்ட் நேராகக் கிரவுண்டுக்கு இறங்குகிறது. பெரும்பாலும் விரிசல் விட்ட செராமிக் கெப்பாசிட்டராக இருக்கும், மாஸ்ஃபெட்டாகவும் இருக்கலாம். வோல்டேஜையும் கரண்டையும் நாமே வைக்கக்கூடிய பெஞ்ச் பவர் சப்ளையில் 1 வோல்ட் மட்டும் வைத்து, கரண்டை 2 ஆம்பியருக்குள் கட்டி அந்தப் பாதையில் கொடுங்கள். போர்டில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தடவினால் எந்த உருப்படியின் மேல் முதலில் காய்கிறதோ அதுதான் ஆள். அவசரப்பட்டு 19 வோல்ட்டைக் கொடுக்காதீர்கள். 19 வோல்ட்டுக்கும் பிராசஸர் காயிலுக்கும் நடுவில் இருக்கும் மேல்பக்க மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருந்தால் அத்தனையும் நேராகப் பிராசஸருக்குள் இறங்கிவிடும்.

புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பிராசஸரை ஒட்டிய காயிலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே வைத்தால் மீட்டர் பீப் அடிக்கும். அது ஷார்ட் அல்ல. ஒன்றிரண்டு ஓமோ, அதற்கும் கீழோ காட்டுவது அங்கே இயல்பு. நல்ல பிராசஸரைக் கழற்றிக் கெடுப்பது இப்படித்தான்.

நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. தேங்காப்பட்டணம், கொல்லங்கோடு பக்கம் உப்புக்காற்று வேறு. பச்சை பூத்த போர்டுக்கு முதலில் கரண்ட் கொடுக்கக் கூடாது. ஆல்கஹாலும் மென்மையான டூத் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்து, நன்றாக உலர்ந்த பிறகே அடாப்டர். கீபோர்டு கனெக்டரின் அடியில் பார்க்க மறந்தால் அதே போர்டு திரும்பி வரும்.

லேப்டாப்பை ஆன் செய்யும் புரோகிராம் இருக்கும் பயாஸ் சிப்பை அழிக்கும் முன், அதில் உள்ளதைப் புரோகிராமர் கருவியில் இரண்டு முறை படித்து, இரண்டு பைலும் ஒன்றா என ஒப்பிட்டுச் சேமியுங்கள். 1.8 வோல்ட் சிப்பை 3.3-இல் வைத்தால் போச்சு.

சர்க்யூட் படம் தேட லேப்டாப்பின் மாடல் பெயர் போதாது. போர்டிலேயே அச்சிட்ட எண் வேண்டும். இதைக்கூடச் சொல்லித்தராத பயிற்சிக்கு எதற்குக் கட்டணம்?

பயிற்சி நடத்துவோர் ஆக்கர் (பழைய சாமான்) கடையில் கிடைக்கும் செத்த போர்டுகளை வாங்கிப் போட்டு, முதல் மாதம் மீட்டரை மட்டுமே கையில் கொடுக்க வேண்டும்.

— லேப்டாப் பழுதுபார்ப்போர் சிலர்,
களியக்காவிளை