குழியை யார் வெட்டினார்கள்?

கண்ணு,

நீ அனுப்பிய பதினோரு போட்டோவையும் விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தேன். செங்கல் தூளும் கோரையுமாகக் கிடந்த கொல்லையை இரண்டே வருஷத்தில் இப்படி ஆக்கிவிட்டாய். மேலே முருங்கை, அதன் கீழே கொய்யாவும் எலுமிச்சையும், நிழலில் மஞ்சள், மண்ணை மூடிக்கொண்டு சர்க்கரைவள்ளிக் கொடி, வேலியில் அவரை. இங்கிலாந்தில் ராபர்ட் ஹார்ட் என்பவர் உணவுக்காட்டை ஏழு அடுக்காகப் பிரித்துச் சொன்னார் என்று நீதான் எனக்கு போனில் பாடம் எடுத்தாய். என் பெண் வீட்டுக்குப் பின்னாலேயே காடு வளர்க்கிறாள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, மூடாக்கு. நாலு விரல் உயரத்துக்குச் சருகு கிடந்தால் மண் காயாது, களையும் தலைதூக்காது, நல்லதுதான். ஆனால் மூன்றாவது போட்டோவில் கொய்யாத் தண்டை ஒட்டியே குவித்து வைத்திருக்கிறாய். ஒரு சாண் தள்ளிப் போடு. பட்டைமேல் ஈரம் நின்றுகொண்டே இருந்தால் தண்டு அழுகிவிடும், தெரிவதற்குள் மரம் போய்விடும். அப்புறம் பப்பாளி. பூக்கிறவரைக்கும் ஆணா பெண்ணா என்று தெரியாது, அதனால் ஒரு குழிக்கு மூன்று கன்று வைத்து, பூத்த பிறகு தேவையில்லாததை எடுத்துவிட வேண்டும். நீ ஒன்றே ஒன்றுதான் வைத்திருக்கிறாய். தழை உரத்துக்கென்றே வளர்க்கிற கிளைரிசிடியா மரத்தை வேலியோரம் வைத்தது கெட்டிக்காரத்தனம், அடிக்கடி கழித்து அந்தத் தழையை மரங்களுக்குக் கீழேயே போடு, உரம் வாங்குகிற வேலை பாதி குறையும். முருங்கையில் மட்டும் ஏணி சாய்க்காதே, பச்சைக் கிளையே படக்கென்று முறியும். வீட்டில் தனியாக இருக்கும்போது ஏறவே ஏறாதே.

வாழைக்கு வட்டக்குழி போட்டிருக்கிறாயே, ஆறடி அகலம், மூன்றடி ஆழம் இருக்கும் போலிருக்கிறது. நடுவில் குப்பை மக்கி இறங்க இறங்க மேலே போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அது உனக்குத் தெரியும். குழியை யார் வெட்டினார்கள்? ஆறாவது போட்டோவில் உன் உள்ளங்கையில் துணி சுற்றியிருக்கிறது. பின்னால் கொடியில் உன் துணி மட்டும்தான் காய்கிறது.

சருகைத் தண்டை ஒட்டிப் போடாதே, மறந்துவிடாதே.

ஆறு வாரமாகப் போட்டோ மட்டும் வருகிறது, கூப்பிட்டால் எடுப்பதில்லை. அம்மாவோடு இரண்டு நிமிஷம் பேச நேரமில்லாதவளுக்கு அவ்வளவு பெரிய குழி வெட்ட நேரம் இருக்கிறதா என்று கோபம் வந்தது. இந்தக் கடிதத்தை அந்தக் கோபத்தில்தான் ஆரம்பித்தேன்.

அன்றைக்கு ராத்திரி நீ பையோடு வந்து வாசலில் நின்றாய். எல்லா வீட்டிலும் உள்ளதுதான் என்று சொல்லி, சாப்பாடு போட்டுப் படுக்க வைத்து, விடிந்ததும் நானே பையைத் தூக்கி வந்து உன்னை பஸ் ஏற்றிவிட்டேன். என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாய், சொன்னால் உன்னைத் திருப்பி அனுப்ப முடியாது, அதனால்தான் கேட்கவில்லை. பஸ் கிளம்பியபோது நீ ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. அதற்குப் பிறகு செடியைப் பற்றி மட்டும்தான் என்னிடம் பேசுகிறாய். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது, நானும் செடியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான் கண்ணு.

எட்டாவது போட்டோவில் மஞ்சள் இலையெல்லாம் காய்ந்து சாய்ந்துவிட்டது, இனி தோண்டலாம். வா என்று ஒரு வரி போடு, வருகிறேன். வெட்டுவதை நான் வெட்டுகிறேன், நீ கையை ஆறவிடு. ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றாலும் சரி, சொல்ல வேண்டும் என்றாலும் ராத்திரி பூராவும் உட்கார்ந்து கேட்கிறேன். மாற்றுத் துணி நிறையவே எடுத்து வருகிறேன்.

கொய்யாவைச் சுற்றியிருக்கும் சருகை மட்டும் நாளைக்கே விலக்கிவிடு.

அம்மா