பாதி விலை ஈஜிஎஃப் வாங்கலாமா? கோபி அம்மிணிக்கு ஒரு கடிதம்

அம்மிணி,

வாட்சப்புல நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். எலிக் குடல் ஆர்கனாய்டு (லேப்ல வளக்கற குட்டிக் குடல் உருண்டை) மூணு நாள் நல்லா வந்து அப்பறம் நடுவுல கருத்துப் போயிருதுங்கற, அதை வளர வெக்கற ஈஜிஎஃப் புரதம் தீரப் போகுது, ரெண்டு கம்பெனி கொட்டேஷன்ல ஒண்ணு இன்னொண்ணுல பாதி விலை, எதை வாங்கறதுன்னு கேக்கற. கோயமுத்தூர்ல வேற லேப்ல இருக்கற பசங்களும் இதையேதான் கேக்கறாங்க, அதனால பொதுவுலயே எழுதிடறேன்.

மொதல்ல அந்தக் கருப்பு. மைக்ராஸ்கோப்புல ஓரத்தைப் பாரு. சுத்தியும் மொட்டு மொட்டா வெளிய தள்ளிட்டு, ஓரம் வழுவழுன்னு பளிச்சுன்னு இருந்து, நடுவுல மட்டும் கருப்பா இருந்தா அது நோய் இல்ல. குடல் செல்லுக்கு ஆயுசே நாலஞ்சு நாள்தான், ஆயுசு முடிஞ்சது உள்பக்கமா உதிர்ந்து விழுகுது, எலி வயித்துல அது கழிஞ்சு போயிரும், உன்னோட உருண்டைக்கு வாசல் கிடையாது, அதனால உள்ளயே சேருது. உடைச்சு புது மேட்ரிஜெல்ல, அதான் அது வளர்ற கூழுல, போட்டா மறுபடி வரும். மொட்டே விடாம, ஓரம் பிசிறு பிசிறா உதிர்ந்து மொத்தமும் கருத்தாத்தான் கவலைப்படோணும். நீ அனுப்புன போட்டோவுல பாதி முதல் ரகம், பாதி ரெண்டாவது ரகம்.

அந்த ரெண்டாவது ரகத்துக்கு ஈஜிஎஃப் மேல பழி போடறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசி. 2009ல நெதர்லாந்து உட்ரெக்ட்ல ஹான்ஸ் கிளெவர்ஸ் லேப்ல தோஷிரோ சாட்டோ ஒத்தை ஸ்டெம் செல்லுல இருந்து குடல் ஆர்கனாய்டு வளத்துக் காட்டுனாரு, அதுக்கு அவங்க மீடியத்துல (செல்லு வளர்ற சத்துக் கரைசல்) சேத்த முக்கியமான புரதம் மூணே மூணு: ஈஜிஎஃப், நோகின், ஆர்-ஸ்பாண்டின். இன்னைக்கும் உன் பிளேட்டுல இருக்கறது அதேதான். ஆனா மூணும் ஒரே மாதிரி ஆளு கிடையாது.

ஈஜிஎஃப் சின்னப் புரதம், 53 அமினோ அமிலம், மூணு டைசல்ஃபைடு பாலம் (கந்தகப் பிணைப்பு) போட்டு இறுக்கிக் கட்டுனது. ஸ்டான்லி கோகன் எலியோட உமிழ்நீர் சுரப்பியில இருந்து எடுத்த சாறைக் குட்டிகளுக்குப் போட்டுப் பாத்தப்ப, அதுக நாளுக்கு முன்னாடியே கண்ணைத் தொறந்துச்சுக, அதைப் புடிச்சுட்டே போய்க் கண்டுபுடிச்சதுதான் இது, 1986ல ரீட்டா லெவி-மொண்டால்சினியோட சேந்து நோபல் வாங்குனாரு. இதோட மனுஷ ஜீனை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள்ள வெச்சே செஞ்சரலாம், சர்க்கரை ஒட்டு எதுவும் இதுக்குத் தேவையில்ல. அதனால ஈஜிஎஃப்ல விலை கம்மியானதை வாங்கறது தப்பே இல்ல, ஒரே ஒரு நிபந்தனைதான்.

அந்த நிபந்தனை என்னன்னா, மைக்ரோகிராமுக்கு என்ன விலைன்னு மட்டும் பாக்காத, செல்லு மேல எவ்வளவு வேலை செய்யுதுன்னு பாரு. ஈரோட்டு மஞ்சள் ஏலத்துல மூட்டை எடையை மட்டும் கேட்டு யாராச்சும் விலை சொல்லுவாங்களா? வெரலி மஞ்சளை ஒடிச்சு உள்ள நிறத்தைப் பாத்துட்டுத்தானே பேசறாங்க. வயல்ல (புரதம் வர்ற சின்னக் குப்பி) இருக்கற புரதம் அத்தனையும் எடைக்கு வரும், சரியா மடிஞ்சது மட்டுந்தான் வேலைக்கு வரும். ஈ.கோலைக்குள்ள செய்யறப்ப நெறையப் புரதம் மடியாமக் கட்டியா ஒதுங்கிரும், அதைக் கரைச்சுத் திரும்ப மடிக்கோணும், அந்த வேலையை ஒரு லாட்ல (ஒரே தடவையாச் செஞ்ச சரக்கு) நல்லாச் செஞ்சிருப்பாங்க, இன்னொரு லாட்ல சுமாராத்தான் வந்திருக்கும், புரதத்தை அளவு வாரியாப் பிரிச்சுக் காட்டற ஜெல்லுல ஓட்டிப் பாத்தா ரெண்டும் ஒரே பட்டையாத்தான் தெரியும். அதனால லாட்டோட அனாலிசிஸ் சர்டிஃபிகேட்டைக் கேட்டு வாங்கு. அதுல ஈடி50ன்னு ஒண்ணு இருக்கும், செல்லு வளர்ச்சியைப் பாதி உச்சத்துக்குக் கொண்டுபோக மில்லிலிட்டருக்கு எத்தனை நானோகிராம் தேவைங்கற அளவு. 10 லட்சத்தை அந்த நானோகிராம் கணக்கால வகுத்தா ஒரு மில்லிகிராமுல எத்தனை யூனிட்டுன்னு வந்துரும். 0.1 நானோகிராம்னு போட்டிருந்தா மில்லிகிராமுக்கு ஒரு கோடி யூனிட். இப்ப ரெண்டு கொட்டேஷனையும் யூனிட்டுக்கு என்ன விலைன்னு போட்டுப் பாரு, ரெண்டு பேரும் ஒரே செல் வகையில சோதிச்சிருந்தாத்தான் இந்தக் கணக்கு செல்லும். கூடவே என்டோடாக்சின் அளவையும் பாரு, ஈ.கோலையில செஞ்சதுன்னா அந்தப் பாக்டீரியாத் தோலோட மிச்சம் ஒட்டிட்டு வரும், இம்யூன் செல்லையும் சேத்து வளக்கறவங்களுக்கு அது முடிவையே மாத்திரும்.

நான் சந்தேகப்படறது ஆர்-ஸ்பாண்டினை. அது பெரிய புரதம், டைசல்ஃபைடும் எச்சு, பெரும்பாலும் ஹெக்293 இல்லீனா சிஎச்ஓ மாதிரிப் பாலூட்டிச் செல்லுலதான் செய்யறாங்க, அதான் விலையும் எச்சு, உன் பட்ஜெட்டைத் திங்கறதும் அதுதான். எலிக் குடலுக்கு அது குறைஞ்சா மொட்டு நின்னுரும். ஒரு பிளேட்டை எடுத்து ஈஜிஎஃப்பும் நோகினும் எப்பவும் போல வெச்சுட்டு, ஆர்-ஸ்பாண்டினை மட்டும் பாதி, முழுசு, ரெட்டிப்புன்னு மூணு அளவுல போட்டு அஞ்சாம் நாள் மொட்டு விட்டதை எண்ணு. ரெட்டிப்புல மட்டும் நல்லா வந்துச்சுன்னா உன் வயல் பாதி செத்துப்போச்சுன்னு அர்த்தம், ஈஜிஎஃப்புக்கு இதுல சம்பந்தமே இல்ல.

வயல் எப்படிச் சாகுதுங்கறதையும் சொல்லிடறேன். கூரியர்ல ஐஸ் பேக் கரைஞ்சு வந்துச்சுன்னு நீ பதறுன, உலர்த்துன பொடி அந்த அளவு சூட்டைத் தாங்கும். பிரச்சினை கரைச்சதுக்கு அப்பறந்தான். பத்து மைக்ரோகிராம் பொடி கண்ணுக்கே தெரியாது, பாதி மூடியில ஒட்டிட்டு இருக்கும், அதனால தொறக்கறதுக்கு முன்னாடி சென்ட்ரிஃப்யூஜ்ல ஒரு சுத்து விட்டுக்கோ. கரைக்கறப்ப வார்டெக்ஸ் பண்ணாத, நுரை வந்தாப் புரதம் அவுந்துரும். ஷீட்டுல எதுல கரைக்கச் சொல்லியிருக்கோ அதுலயே கரை. நீர்த்த புரதம் பிளாஸ்டிக் சுவத்துல ஒட்டிக்கும், 0.1 சதவீதம் பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதம்) சேத்தா அந்த ஒட்டல் குறையும். ஒரு தடவைக்கு வேண்டிய அளவுல சின்னச் சின்ன அலிகாட்டாப் பிரிச்சு மைனஸ் 80ல போட்டுரு, ஒண்ணை எடுத்தா மிச்சத்தைத் திரும்ப ஃப்ரீஸ் பண்ணாத. வீட்டுல இருக்கற மாதிரி ஃப்ராஸ்ட்-ஃப்ரீ ஃப்ரீசர் மட்டும் வேண்டவே வேண்டாம், பனியை உருக்கறதுக்கு அது அப்பப்பச் சூடாகும்.

உன் ரூம்மேட் ஐபிஎஸ் செல் (சாதா செல்லை ஸ்டெம் செல் மாதிரி மாத்துனது) வளக்கறாளே, அவகிட்டயும் சொல்லு. அந்தச் செல்லுக்குப் போடற சாதா எஃப்ஜிஎஃப்2 புரதம் 37 டிகிரியில பத்து மணி நேரத்துல பாதி போயிரும், அதனாலதான் அவ ஞாயித்துக்கிழமை கூட லேப்புக்கு ஓடறா. செக் நாட்டுல ஒரு குழு அதுல ஒம்போது இடத்துல அமினோ அமிலத்தை மாத்தி 20 நாளுக்கும் மேல தாங்கற மாதிரிச் செஞ்சு 2018ல வெளியிட்டாங்க. அப்படிப்பட்ட ரகம் இப்ப விலைக்கே கெடைக்குது.

கடைசியா, மனசுல ரொம்ப நாளா இருக்கறது. ஆர்-ஸ்பாண்டினையும் நோகினையும் வின்ட்3ஏங்கற இன்னொரு புரதத்தையும் சேத்தே சுரக்கற எல்-டபிள்யூஆர்என்னு ஒரு எலிச் செல் லைன் இருக்குது, அதை வளத்து மீடியத்தை வடிகட்டி எடுத்துட்டா வாங்கற செலவு பெருமளவு மிச்சம். சீரம் கலந்திருக்கும், பேட்ச்சுக்குப் பேட்ச் மாறும், அதனால ஒவ்வொரு பேட்ச்சையும் ஆர்கனாய்டு மேலயே சோதிச்சுத்தான் எடுத்துக்கோணும், அது ஒரு வேலைதான். ஆனா 2023ல நம்ம நாட்டு மருந்துச் சோதனை விதியையே திருத்தி, மிருகத்துக்குப் பதிலா ஆர்கனாய்டுல சோதிக்கலாம்னு இடம் குடுத்திருக்காங்க, இனி இந்த வேலைக்கு வர்ற பசங்க எச்சாத்தான் ஆவாங்க, ஒவ்வொருத்தரும் தனித்தனியா டாலர்ல வாங்கிட்டே இருக்க முடியாது. கோயமுத்தூர், ஈரோடு, சேலம்னு நாலஞ்சு லேப் சேந்து ஒரே எடத்துல பெரிய பேட்ச்சா செஞ்சு, ஒரே ஆளு சோதிச்சு, அலிகாட்டாப் பிரிச்சுக்கலாம். உன் கைடுகிட்ட பேச்சை எடு. அவரு சரின்னா நானே நேர்ல வந்து பேசறேன்.

அந்த மூணு அளவு பிளேட்டோட அஞ்சாம் நாள் போட்டோவை அனுப்பு, அது வர்ற வரைக்கும் ரெண்டு கொட்டேஷனுக்கும் பதில் போடாத.

அக்கா