பி.டி. பீரியடையும் கேன்டீனையும் முதலில் பாருங்கள்

தமிழ்நாட்டுத் தனியார் பள்ளி நிர்வாகிகளுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும் வணக்கம்.

2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் அதிக எடையோடு இருந்தார்கள். 2019-21இல் அது 40.4 ஆனது. ஆண்களில் 28.2 என்பது 37 ஆனது. இத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் வாய்க்கட்டுப்பாடு போய்விட்டதா? அன்றாடப் பொழுது கழியும் விதம் மாறிவிட்டது. அந்தப் பழக்கம் வேர்விடுவது பள்ளி வயதில்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் ஒரு நாளைப் பாருங்கள். காலை 6.45க்கு வேன். இரண்டு வாய் இட்லியோ ஒரு தம்ளர் மால்ட் பாலோதான் உள்ளே போகும். 10.45 இடைவேளையில் பசி வயிற்றைக் கிள்ளும். எதிரே இருப்பது பப்ஸும் சிப்ஸும். மதியச் சாப்பாட்டுக்கு 20 நிமிடம், பாதி டப்பா அப்படியே வீட்டுக்குத் திரும்பும். 5 முதல் 8 வரை டியூஷன். வயிறு நிறையச் சாப்பிடுவது இரவு 9 மணிக்குத்தான். வீட்டுப்பாடம் முடித்துப் படுக்க 11 ஆகிவிடும், மறுபடி 5.30க்கு எழ வேண்டும். பதின்ம வயதுக்கு 8 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். அது குறைந்தால் மறுநாள் பசி கூடும், இனிப்பின் மேலும் பொரித்ததன் மேலும் ஆசை கூடும். இந்தப் பிள்ளையிடம் “கொஞ்சமாகச் சாப்பிடு” என்று சொல்லி என்ன பயன்?

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் ஓடியாடச் சொல்கிறது. நம் பள்ளிகளில் வாரம் இரண்டு பி.டி. பீரியட். 40 நிமிடத்தில் மாடியிறங்கி வரிசையில் நிற்கவே பத்து நிமிடம் போகும். மீதி நேரத்தில் 50 பேருக்கு ஒரு பந்து, ஒரு மட்டை. கிரிக்கெட் ஆடினால் ஒரு சமயத்தில் ஓடுவது மூன்று நான்கு பேர். ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் குண்டான பிள்ளை கட்டாயம் இருக்கும், அதை யாரும் அணியில் சேர்ப்பதில்லை. வகுப்பை எட்டாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு பந்து கொடுங்கள். சிறிய கட்டங்களில் கபடி, தொடர் ஓட்டம் வையுங்கள். யாரும் ஆட்டமிழந்து வெளியே உட்காரக் கூடாது என்பது விதியாக இருக்கட்டும். மைதானத்தைச் சுற்றி ஓடுவதைத் தண்டனையாக்காதீர்கள், ஓட்டமே வெறுத்துப்போகும். பத்தாம் வகுப்பில் இந்தப் பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வதையும் நிறுத்துங்கள்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்போடு பலர் ஆட்டத்தை விட்டுவிடுகிறார்கள். துப்பட்டாவோடு ஓட முடியாது, கழிப்பறையில் தண்ணீர் இருக்காது, பையன்கள் மைதானத்தை விடமாட்டார்கள். பி.டி. நாளில் டிராக் பேன்ட், கதவு சாத்தும் கழிப்பறை, மைதானத்தில் அவர்களுக்கென்று ஒரு பாதி: இவ்வளவு போதும். மேலே சொன்ன 40.4இன் ஒரு பங்கு இங்கேதான் தொடங்குகிறது.

அடுத்தது கேன்டீன். கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் மாணவர்களுக்கு விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதி சொல்கிறது. பிறகும் ஏன் விற்கிறது? அதிக வாடகை தருபவருக்கே கேன்டீனை விடுகிறோம். அந்த வாடகையைச் சுண்டல் விற்று எடுக்க முடியாது, கெட்டுப்போகாத பாக்கெட்தான் கைகொடுக்கும். வாடகையைக் குறைத்து, என்ன விற்கலாம் என்ற பட்டியலை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். தடை மட்டும் போட்டால் வியாபாரம் எதிர்க்கடைக்குப் போய்விடும். அதே பத்து ரூபாய்க்கு உள்ளே சூடாக ஏதாவது கிடைக்க வேண்டும். ஒரு கிலோ கொண்டைக்கடலையை இரவே ஊறவைத்து வேகவைத்தால் இரண்டு கிலோவுக்கு மேல் வரும், 20 பிள்ளைகளுக்கு ஆளுக்கு 100 கிராம். தாளிக்க ஐந்து தேக்கரண்டி எண்ணெய் போதும். தேங்காயை முன்கூட்டியே போட்டால் வெயிலில் ஊசிவிடும், பெல் அடிக்கும் முன் தூவினால் போதும். கூடவே நீர்மோர். 160 மி.லி. மாம்பழ பானத்தின் பின்பக்கம் 100 மி.லி.க்கு 13 கிராம் சர்க்கரை என்று இருந்தால், ஒரே மூச்சில் உள்ளே போவது 21 கிராம். ஒரு நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது.

எடை பார்க்கும்போது ஒரு வார்த்தை. வகுப்பு முன்னால் எடையைச் சத்தமாக வாசிக்காதீர்கள். திரை மறைவில் பார்த்து, பெற்றோருக்கு மட்டும் சொல்லுங்கள். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பி.எம்.ஐ.யில் பெரியவர்களுக்கான எண்ணைப் பிள்ளைகளுக்குப் போடாமல், வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய வளர்ச்சி அட்டவணையோடு ஒப்பிடுங்கள்.

ஜூன் மாதக் கால அட்டவணை பள்ளி திறக்கும் முன்பே தயாராகிவிடுகிறது. கேன்டீன் ஒப்பந்தத்தையும் பெரும்பாலும் அந்த விடுமுறையில்தான் புதுப்பிக்கிறீர்கள். அதற்கு முந்தைய கழகக் கூட்டத்தில் இந்த இரண்டையும் விவாதத்துக்கு வையுங்கள்.

அன்புடன்,
உணவியலாளர்களும் உடற்கல்வி ஆசிரியர்களும்