திண்ணையில் ஓர் ஆங்கில நோயாளி

கல்லிடைக்குறிச்சி,
ஐப்பசி 20.

அன்புள்ள கோமதிக்கு,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. மும்பையில் மழை ஓய்ந்த கையோடு வெயில் கொளுத்துகிறது என்றும், முழங்கால் வலியால் மாதுங்கா சந்தைக்குப் போவதைக்கூடக் குறைத்துக்கொண்டாய் என்றும் எழுதியிருந்தாய். இங்கே நேர்மாறு. ஐப்பசி பிறந்ததிலிருந்து பகலெல்லாம் மூட்டம், இரவெல்லாம் மழை. ஆறு கலங்கலாக ஓடுகிறது. அப்பளம் போடுகிறவர்கள் ஒரு மணி நேர வெயிலுக்காக வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் நான் பதில் எழுதத் தாமதித்ததற்கு மழை காரணமில்லை. மாலை வேளைகளில் நான் இப்போது நோயாளியாக இருக்கிறேன். பதறாதே, உடம்புக்கு ஒன்றும் இல்லை.

எங்கள் அடுத்த வீட்டுப் பெண்ணை உனக்குத் தெரியாது. நீ கடைசியாக வந்தபோது அவள் பாவாடை கட்டிய சிறுமி. நர்சிங் படித்துவிட்டுத் திருநெல்வேலியில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்த அவள், இப்போது இங்கிலாந்துக்குப் போவதற்காக ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கென்றே நடத்தப்படும் தேர்வு அது. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். அந்நாட்டில் செவிலியராகப் பதிவு செய்ய மூன்றில் 'பி' தகுதியும், எழுத்தில் குறைந்தது 'சி பிளஸ்' தகுதியும் வேண்டுமாம். பேச்சுத் தேர்வுதான் வேடிக்கை. ஓர் அட்டையைக் கையில் கொடுத்து, அதைப் படித்துத் தயாராக மூன்று நிமிடம் தருவார்கள். பிறகு எதிரே இருப்பவர் நோயாளியாகவோ நோயாளியின் உறவினராகவோ நடிக்க, இவள் செவிலியாக ஐந்து நிமிடம் பேச வேண்டும். இப்படி இரண்டு முறை. வீட்டில் அவளோடு பேசிப் பழகுவதற்கு ஆங்கிலத்தில் நோவு சொல்லும் ஆள் ஒருவரும் இல்லாததால், 34 ஆண்டுகள் குழந்தைகளுக்கு 'அம்மா, ஆடு' சொல்லிக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்த நான் அகப்பட்டுக்கொண்டேன்.

நம் காலத்து ஆங்கிலம் உனக்கு நினைவிருக்கும். செய்வினை, செயப்பாட்டுவினை மாற்றுவதில் நாம் புலிகள். ஒரு வெள்ளைக்காரர் வந்து வழி கேட்டிருந்தால் ஊமைகள். அந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு அவள் கொடுத்த பயிற்சித் தாள்களைப் படித்தபோதுதான், நோயாளிகள் இலக்கணத்தில் பேசுவதில்லை என்பது புரிந்தது. உடம்பு சரியில்லை என்பதை அவர்கள் 'அண்டர் த வெதர்' என்கிறார்கள், வானிலைக்குக் கீழே கிடப்பவர்களைப் போல. தொண்டை கட்டிக்கொண்டால் தொண்டைக்குள் தவளை. முதல் நாள் நான் பாட்டியாக நடித்து, என் கையில் 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்' இருக்கிறது என்று தாளில் உள்ளபடி படித்தேன். அவள் கலவரத்தோடு, எந்த ஊசி, எப்போது குத்தியது, துருப்பிடித்த ஊசியா என்று கேட்டு, டெட்டனஸ் தடுப்பூசி வரைக்கும் போய்விட்டாள். கை மரத்துப் போய்ச் சுருக் சுருக்கென்று குத்துவதைத்தான் பாட்டி சொல்லியிருக்கிறாள். நாமாக இருந்தால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்போம். அதைக் கேட்கும் ஆங்கிலேயச் செவிலி படுக்கையை உதறி எறும்பு தேட மாட்டாள் என்று என்ன நிச்சயம்?

இன்னொன்றைக் கேள். ஒரு முதியவர் வெட்கத்தோடு, 'ஐ நீட் டு ஸ்பெண்ட் எ பென்னி' என்கிறார். இவள் எவ்வளவு பணம் வேண்டும், குடும்பத்தாருக்குத் தகவல் சொல்லட்டுமா என்று கேட்டாள். அந்த நாட்டுப் பொதுக் கழிப்பறைகளில் ஒரு பென்னி நாணயத்தைப் போட்டால்தான் கதவு திறக்கும் என்றிருந்த காலத்தில் பிறந்த பேச்சு அது. காசு போய்விட்டது, பேச்சு மட்டும் வயதானவர்கள் வாயில் தங்கியிருக்கிறது. இதில் அவர்களைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்கியதை இல்லை. உன் மாமியார், மும்பையில் நான்காவது மாடிக் குடியிருப்பில் இருந்துகொண்டு, கடைசி வரை 'கொல்லைக்குப் போயிட்டு வாரேன்' என்றுதானே சொன்னார்கள்?

இந்த விளையாட்டில் எனக்குக் கிடைத்த லாபம், ஆங்கிலத்தைவிடத் தமிழில்தான் அதிகம். வாழ்நாள் முழுவதும் பேசிய சொற்களை முதல்முறையாக வெளியே நின்று பார்ப்பது போல இருக்கிறது. ஒருவர் இறந்த செய்தியை உறவினரிடம் சொல்லும் பயிற்சி வந்தது. 'பாஸ்ட் அவே' என்று சொல்லலாம், அல்லது நேராகவே இறந்துவிட்டார் என்று சொல்லலாம். 'கிக்ட் த பக்கெட்' என்று மட்டும் தவறியும் சொல்லிவிடாதே, அது நம் ஊரில் 'மண்டையைப் போட்டுட்டான்' என்பதற்குச் சமம் என்று அவளுக்கு விளக்கினேன். விளக்கும்போதே பார், 'தவறியும்' என்று சொல்கிறேன். நம்மில் செத்தவரையும் 'தவறிட்டாக' என்றுதானே சொல்கிறோம்! கைப்பிடியிலிருந்து நழுவி விழுந்ததைப் போல ஒரு சொல். அதையும்விட, 'காலமானார்' என்பதை நாள்தோறும் செய்தித்தாளில் படித்திருந்தும், ஒரு மனிதர் காலமாகவே ஆகிவிட்டார் என்று அதற்குள் பொருள் இருப்பதை இத்தனை வயதுக்குப் பிறகு ஆங்கிலத்தில் சொல்ல முயன்று திணறியபோதுதான் கவனித்தேன். கருவுற்றவளை 'முழுகாமல் இருக்கிறாள்' என்கிறோம். அவர்கள் 'இன் த ஃபேமிலி வே' என்கிறார்கள். சொல்லக் கூச்சமான இடங்களில் எல்லா மொழியும் சுற்றுவழியில்தான் போகிறது போலிருக்கிறது.

எளிதான வேலையை 'பீஸ் ஆஃப் கேக்' என்பார்கள் என்று அவள் சொன்னதும், நம் ஊர்க்காரிக்கு இதை விளக்க வேண்டுமா, 'அல்வா சாப்பிடுற மாதிரி' என்று சொல்லிவிட்டேன். உடனே கேட்டாள்: 'அப்போ அல்வா குடுக்கறதுக்கு என்ன டீச்சர்?' யோசித்துப் பார், கோமதி. அதே அல்வாதான், சாப்பிட்டால் எளிது, கொடுத்தால் ஏமாற்று. ஓர் ஆங்கிலேயரிடம் போய், என் பங்காளி எனக்கு அல்வா கொடுத்துவிட்டான் என்று அவர் மொழியில் சொல்லி அழுதால், நல்ல பங்காளி என்று வாழ்த்திவிட்டுப் போவார். கோதுமைப் பாலும் சர்க்கரையும் நெய்யும் கிண்டுகிற ஊரில் பிறந்த நமக்கே இதற்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. 'கேரியிங் கோல்ஸ் டு நியூகாஸில்' என்பது மட்டும் விளக்கமில்லாமலே அவளுக்குப் புரிந்தது. வடக்கு இங்கிலாந்தில் டைன் ஆற்றங்கரையில் உள்ள அந்த நகரத்திலிருந்து கப்பல் கப்பலாக நிலக்கரி போய்க்கொண்டிருந்ததாம். அங்கே போய் யாராவது கரி விற்பார்களா? 'திருநெல்வேலிக்கே அல்வாவா' என்றாள் அவள், நான் வாயைத் திறப்பதற்குள். பழைய ஆட்களாகிய நாம் 'கொல்லன் தெருவில் ஊசி விற்கிறதா' என்றிருப்போம். அந்தப் பகுதியின் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டு ஆண்டுகள் பல ஆகியும், கரி பேச்சில் இன்னும் எரிகிறது.

நான் தோற்றுப்போனது ஒரே ஓர் இடத்தில். 'நெவர் மைண்ட்' என்பதற்கு நீங்க எப்படிச் சொல்வீங்க என்று கேட்டவளிடம், 'சவத்த விட்டுத் தள்ளு' என்றேன். நாம் எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்போம்? பரீட்சையில் மதிப்பெண் குறைந்தால், பால் பொங்கி வழிந்தால், மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை என்றால், எல்லாவற்றுக்கும் அதே பிணத்தைத்தான் தள்ளினோம். இதை அப்படியே மொழிபெயர்த்து ஒரு மருத்துவமனையில் சொன்னால் வேலை போய்விடும் என்று இருவரும் சிரித்த சிரிப்பில், உள்ளே இருந்த அவள் அம்மா என்னவோ ஏதோவென்று ஓடிவந்துவிட்டாள்.

நம் சீமைக்கு இது புதிய கதையும் இல்லை. அயர்லாந்தில் பிறந்த கால்டுவெல் 1841இல் இடையன்குடிக்கு வந்தபோது, இதே பாடத்தை எதிர்ப்பக்கமிருந்து படித்திருக்க வேண்டும். அந்தத் தேரிமணல் ஊரிலிருந்துகொண்டு 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தையே எழுதி வெளியிட்டவர், 'உடம்புக்கு முடியலை' என்று ஒரு பனையேறி சொன்னதை முதல்முறை கேட்டு எது முடியவில்லை என்று விழித்திருப்பாரோ என்று எண்ணிப் பார்க்கிறேன். பெர்சிவல் என்ற இன்னொரு பாதிரியார் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு 1874இல் அச்சிட்டார். அவர்கள் கப்பலில் வந்து நம் ஆச்சிமாரின் வாயைப் பார்த்துக் கற்றார்கள். இவள் விமானத்தில் போய் அவர்கள் பாட்டிமாரின் வாயைப் பார்க்கப் போகிறாள்.

இனி, நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை அவள் தன் பயிற்சி நோட்டில் 'ஐ சா எ ட்ரீம்' என்று எழுதியிருந்தாள். வகுப்பில் அதைத் திருத்தி 'ஐ ஹேட் எ ட்ரீம்' என்று சிவப்பு மையில் போட்டிருந்தார்கள். ஏன் தப்பு என்று அவளுக்குப் புரியவில்லை. நமக்குக் கனவு வருகிறது. வந்ததை நாம் காண்கிறோம். ஆண்டாளும் கனாக் கண்டாளே ஒழிய வைத்திருக்கவில்லை. அவர்களோ காசையும் வீட்டையும் போலக் கனவையும் வைத்திருக்கிறார்கள். திருக்குறளின் 122ஆம் அதிகாரமான 'கனவுநிலை உரைத்தல்' முழுவதும் உறக்கத்தில் காதலனைக் காணும் பெண்ணின் பேச்சு. எதிர்கால ஆசைக்குக் கனவு என்று பெயரிட்டு அதை மேடைதோறும் பிள்ளைகளின் தலையில் ஏற்றுவது நம் காலத்துப் பழக்கம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பழக்கம் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதும் இல்லை. காண்பது கலைந்தால் விழித்துக்கொள்ளலாம். வைத்திருப்பது கைவிட்டுப் போனால் இழப்பாகிவிடுகிறது.

உனக்கு நினைவிருக்கிறதா? பள்ளியிறுதித் தேர்வு முடிந்த கோடையில், படித்துறையில் துணி துவைத்துக்கொண்டே, பாளையங்கோட்டையில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கப் போகிறேன் என்று நான் உன்னிடம் சொன்னேன். நீ சோப்பு நுரைக் கையோடு, 'ஏட்டி, மனக்கோட்டை கட்டாத' என்றாய். நீ சொன்னபடிதான் நடந்தது. தங்கைகள் இருவர் இருந்தார்கள், அப்பாவுக்கு அரிசி ஆலையில் கணக்கெழுதும் சம்பளம். ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பினார்கள், முடித்ததும் வேலையும் கிடைத்தது. இதில் யாரையும் குறைசொல்ல எனக்கு ஒன்றுமில்லை. இவ்வளவு காலம் கழித்து, அவளுடைய தாளில் 'கேஸில்ஸ் இன் தி ஏர்' என்ற தொடரைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். அவர்களும் கோட்டைதான் கட்டியிருக்கிறார்கள்! நாம் மனத்தில் கட்டியதை அவர்கள் காற்றில் கட்டினார்கள் என்பதைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை. 'பைப் ட்ரீம்' என்று இன்னொன்றும் இருக்கிறது. அது அபினிக் குழாயைப் புகைத்து மயங்குகிறவன் காணும் கனவாம். அந்த அளவுக்கு நான் போகவில்லை. உண்மையைச் சொன்னால், அன்று நான் ஆசைப்பட்டது ஆங்கிலத்துக்கா, அல்லது காலையில் செங்கோட்டை வண்டியைப் பிடித்துத் தினமும் ஊரைவிட்டுப் போய்த் திரும்புவதற்கா என்று இப்போது என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அந்தப் பெண்ணிடம், உன் கனவு என்ன என்று ஆங்கிலத்திலேயே கேட்டுப் பார்த்தேன். தேர்வுக்குத் தயார் செய்த அழகான பதில் ஒன்றை ஒப்பித்தாள். பிறகு தமிழில், 'படிப்புக் கடனை அடைக்கணும் டீச்சர், ஒழுகுற ஓட்டை எடுத்துட்டு மச்சு போடணும்' என்றாள். ஒப்பித்த பதிலில் ஒரு பிழையும் இல்லை. இரண்டாவது பதிலை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்றுதான் அன்று மாலை முழுவதும் இருவரும் முட்டி மோதினோம்.

நீ அரை நூற்றாண்டாக இந்தியும் மராத்தியும் பேசுகிறவள். எனக்கு ஒன்றை மட்டும் எழுது: இப்போது உனக்குக் கனவு எந்த மொழியில் வருகிறது? அந்த மொழிகளில் கனவைக் காண்கிறார்களா, வைத்திருக்கிறார்களா? வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்பதற்கு அங்கே என்ன சொல்கிறார்கள் என்பதையும் கேட்டு எழுது. இங்கிலாந்தில் வயிற்றுக்குள் பட்டாம்பூச்சி பறக்கிறதாம். அடுத்த மாதம் தேர்வு என்பதால் இவளுக்குப் புளி, பூச்சி இரண்டும் சேர்ந்தே இருக்கிறது. வெயில் வந்து அப்பளம் காய்ந்ததும் தை மாதம் அங்கே வருகிற உன் மைத்துனர் மகனிடம் நான்கு கட்டு கொடுத்தனுப்புகிறேன்.

கேட் திறக்கிற சத்தம் கேட்கிறது, வந்துவிட்டாள். இன்றைய அட்டையில் நான் முழங்கால் வலியால் மாடிப்படி ஏற முடியாத 67 வயதுப் பெண்மணி. இன்றைக்கு எனக்கு நடிக்கிற வேலை இல்லை.

அன்புடன்,
காந்திமதி